நிலவறையில் ஒரு மானிப்பாய்ப் பகல்

மானிப்பாயில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பகலின் நீளத்தை யோசிக்க ஒரு தேவையும் வராது. மார்கழியில் பதினொன்றரை மணித்தியாலம். ஆனியில் அதைவிட ஒரு மணித்தியாலமும் சில நிமிடங்களும் கூட. வருடம் முழுக்க அவ்வளவுதான் ஏற்ற இறக்கம். ஆறு, ஆறரைக்கு விடியும். ஆறு, ஆறரைக்குப் பொழுதுபடும். புகையிலைக்கு நாற்றுமேடை போடுகிறவர் மழையைப் பார்ப்பார், பனியைப் பார்ப்பார், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பார். பகல் எத்தனை மணித்தியாலம் என்று பார்த்த ஒருவரை நான் எங்கள் பக்கத்தில் கண்டதில்லை.

ரொறன்ரோவில் அதைப் பார்க்காமல் ஒரு செடியும் வளர்க்க முடியாது. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குள் கிடக்கிறது; ரொறன்ரோ 44 பாகைக்குக் கிட்ட. மார்கழியில் அங்கே பகல் ஒன்பது மணித்தியாலத்தையும் எட்டாது. ஆனியில் பதினைந்தரை மணித்தியாலம் வரை நீண்டு, இரவு சாப்பாடு முடித்துக் கை கழுவும்போதும் வெளியே வெளிச்சமாகவே இருக்குமாம். நான் போனது மாசியில். ஸ்காபரோவில் அக்கா வீட்டு முற்றத்தில் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. வேலியோரத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பூச்சட்டிகளின் அடிகள் மட்டும் பனிக்கு மேலே தெரிந்தன. கோடையில் அவற்றில் கத்தரியும் மிளகாயும் வெண்டியும் காய்க்கும் என்று அத்தான் கைகாட்டிச் சொன்னார். நம்புவது கஷ்டமாக இருந்தது.

எங்கள் நேரத்துக்கும் அவர்கள் நேரத்துக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியால வித்தியாசம். வந்த புதிதில் நித்திரை எப்படி வரும்? நடுச்சாமத்தில் மானிப்பாய் வெயில் உடம்புக்குள் ஏறிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு நாள் சமையலறையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றபோது, நிலவறைப் படிக்கட்டின் கதவுக்குக் கீழால் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அவர்கள் வாயில் அது ‘பேஸ்மன்ற்’. மின்குமிழ் வெளிச்சம் மாதிரி மஞ்சளாக இல்லை. ஊரில் காலை பத்து மணிக்கு யன்னல் இடுக்கால் வரும் வெள்ளை வெளிச்சம்.

மருமகன்தான் கதவைத் திறந்தான். அங்கே பிறந்து, மின்சார வேலை படித்து, அந்தத் தொழிலே செய்கிற பிள்ளை.

“மாமா, நித்திரை வரேல்லையோ? வாங்கோ, ஒரு சாமான் காட்டுறன். அம்மாட்ட நான் காட்டினதெண்டு சொல்லாதேங்கோ.”

கீழே, உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், ஓர் அலுமாரி அளவில் கறுப்புத் துணிக் கூடாரம் நின்றது. சிப்பை இழுத்துத் திறந்தான். உட்புறம் முழுக்க வெள்ளி மினுங்கும் தாள். மேலே ஒரு பலகை நிறைய எல்.ஈ.டி. விளக்குகள், மூலையில் சின்ன மின்விசிறி, காற்றை உறிஞ்சும் தடித்த குழாய். நடுவில் நான்கு கஞ்சாச் செடிகள், இடுப்பளவு உயரத்தில், விசிறிக் காற்றுக்கு இலைகளை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றன.

யாழ்ப்பாணத்தில் கஞ்சா என்றால் பத்திரிகைச் செய்திதான். ‘கேரளக் கஞ்சாவுடன் இருவர் கைது.’ மாதகலில் படகு, வடமராட்சிக் கரையில் பொதிகள், மன்னாரில் கடற்படை. பாக்கு நீரிணையைத் தாண்டி வரும் ஈரமான சாக்குப் பொதிகளின் படங்களைக் கண்டிருக்கிறேன். வேரோடு, சட்டியில், பச்சையாக நிற்கிற கஞ்சாச் செடியைக் கண்டது அன்றைக்குத்தான். மானிப்பாயிலிருந்து அரைவாசி உலகத்தைச் சுற்றிப் போய், அக்காவின் உடுப்புத் தோய்க்கும் அறையில் அதைக் கண்டேன்.

“பொலிஸ்?” என்றேன். வேறு என்ன கேட்பது?

சிரித்தான். “நாலு செடி வரைக்கும் சட்டமே விடுது மாமா.”

அது உண்மை. 1923 இல் கஞ்சாவைத் தடைசெய்த கனடா, 2018 ஒக்ரோபர் 17 அன்று அந்தத் தடையை எடுத்தது. உருகுவேக்கு அடுத்ததாக நாடு முழுவதற்கும் அப்படிச் செய்த இரண்டாவது தேசம் அதுதான். ஒரு வீட்டுக்கு நான்கு செடி. ஆளுக்கு நான்கு அல்ல. வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் நான்குதான். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். வெளியே கொண்டு திரிவதற்கு எல்லை, உலர்ந்த பூ 30 கிராம். விளைந்ததை வளர்ந்த ஒரு நண்பருக்குச் சும்மா கொடுக்கலாம். காசு வாங்கினால் குற்றம். கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதை ஒரேயடியாகத் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 இல் மாகாணத்தின் பக்கம் தீர்ந்தது. ஒரே நாட்டில் ஒரு மாகாண எல்லையைத் தாண்டினால் அதே சட்டி, அதே செடி, சட்டவிரோதம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே மறுக்கலாம். அத்தான் சொந்த வீட்டுக்காரர். அவருடைய தலைவிதி, வீட்டுக்காரராக நின்று மறுக்க வேண்டியவர் அவர்தான். மறுக்கவில்லை. “அரசாங்கமே கடை திறந்து விக்குது. நான் என்னத்தைச் சொல்லுறது?” என்றுவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார்.

சட்டத்தை அதோடு விடுவோம். என்னை அந்தக் கூடாரத்துக்கு முன்னால் கட்டிப்போட்டது வேறு.

கஞ்சாச் செடி பகலை எண்ணும். இன்னும் சரியாகச் சொன்னால் இரவை எண்ணும். பகல் நீளமாக இருக்கும் வரை இலையும் கிளையுமாக வளர்ந்துகொண்டே போகும். இருட்டு தொடர்ந்து பன்னிரண்டு மணித்தியாலம் அளவுக்கு நீண்டால், குளிர் வரப்போகிறது, காலம் முடிகிறது என்று கணக்குப் போட்டுப் பூக்கத் தொடங்கும். செடிகள் இப்படிப் பகலிரவு பார்த்துப் பூப்பதை அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் கார்னர், அலார்ட் என்ற இருவர் 1920 இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது புகையிலை. மேரிலாண்ட் மமத் என்று ஒரு புகையிலை இனம், கோடை முழுக்கப் பூக்காமல் ஆளை மிஞ்சி வளர்ந்துகொண்டே போனது. கண்ணாடி வீட்டுக்குள் குளிர்காலக் குறும்பகலில் வைத்தபோதுதான் பூத்தது. என் ஐயா சுதுமலைப் பக்கம் குத்தகைத் தோட்டத்தில் வருடாவருடம் புகையிலை வைத்தவர். இதை அவர் கேட்டிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

மருமகன் செய்வது இந்தக் கணக்கை ஏமாற்றுவது. சுவரில் ஒரு ரைமர். செடி சின்னதாக இருக்கையில் நாளுக்கு 18 மணித்தியாலம் விளக்கு எரியும். ரொறன்ரோவின் நடுக்கோடையைவிட நீளமான பகல். ரொறன்ரோவுக்கும் வெகு வடக்கே கிடக்கும் ஊர்களின் கோடைக்காலம் அது. செடி போதுமான அளவு வளர்ந்ததும் ஒரு நாள் ரைமரைத் திருப்பி 12 மணித்தியாலம் ஆக்குவான். கூடாரத்துக்குள் ஒரே இரவில் புரட்டாசி வந்துவிடும். வெளியே கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, உள்ளே செடிகள் அறுவடைக்காலம் வந்துவிட்டதென்று மொட்டு விடும்.

இனிக் கேளுங்கள். ஒன்ராறியோவில் மின்சாரத்துக்கு நேரத்துக்கு ஒரு விலை. குளிர்காலத்தில் வார நாட்களில் இரவு 7 மணிக்கு மேல் காலை 7 மணி வரை மலிவு. ஆகையால் பூக்கும் காலத்தில் அவன் இரவு ஏழுக்குச் ‘சூரியனை’ ஏற்றி, காலை ஏழுக்கு இறக்குகிறான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரொறன்ரோவில் இரவு ஏழு என்றால் மானிப்பாயில் விடியற்காலை ஐந்தரை. ரொறன்ரோவில் காலை ஏழு, எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை. பனிக்கு அடியில் கிடக்கும் அந்த நிலவறையில் பன்னிரண்டு மணித்தியாலப் பகல், மானிப்பாய்ச் சூரியனைவிட ஒரு மணித்தியாலம் மட்டும் முந்தி, மற்றப்படி எங்கள் பகலோடு சேர்ந்தே நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் என் உடம்பின் மணிக்கூட்டோடு ஒத்துப்போனவை அந்த நான்கு செடிகள்தான். அதற்குப் பிறகு இரவில் நித்திரை வராவிட்டால் நான் கட்டிலில் புரள்வதில்லை. கீழே போய்க் கதிரை போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

உட்கார்ந்தால் சும்மா இருக்க முடியுமா? தோட்டக்காரன் பிள்ளைக்குக் கை ஊரும். ஒரு செடியின் நுனி கிள்ளப்பட்டிருந்ததைக் கண்டேன். கிள்ளிய இடத்தில் இரண்டு கிளை பிரிந்து சமமாக வந்திருந்தது. “ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டேன். வீடியோ பார்த்துப் படித்தானாம். ஐயாவும் நுனி முறிப்பார், பக்கக் கெட்டு உடைப்பார். ஆனால் புகையிலையில் பூவை முறிப்பது இலை தடிப்பதற்காக. எங்களுக்கு வேண்டியது இலை, பூ எதிரி. இங்கே அப்படியே தலைகீழ். பெரிய விசிறி இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பூவைத் தாங்குகிறான். ஐயாவின் தோட்டத்தில் கழிப்பது இவனுக்குப் பயிர், ஐயாவுக்குப் பயிர் இவனுக்குக் கழிவு. இதைச் சொன்னபோது அவன் கண் விரித்துக் கேட்டான். பேரன் தாத்தாவின் தொழிலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்விகள் அந்தக் கூடாரத்து வாசலில்தான் வந்தன: எத்தனை கன்று வைப்பார், தண்ணீர் எப்படி இறைப்பார், எப்படிக் காயவைப்பார். துலா மிதித்ததையும், புகைக் குடிலில் தென்னம்பொச்சு மூட்டியதையும், இந்த யாழ்ப்பாணப் புகையிலை முந்திய காலத்தில் திருவிதாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் போனதையும் சொன்னேன். “அப்ப தாத்தாவும் புகைக்கிற சாமான்தானே வளர்த்தவர்?” என்று ஒரு கேள்வி கேட்டான். மெல்லுகிற புகையிலை என்று திருத்தினேன். அது பெரிய மறுமொழியாக எனக்கே தோன்றவில்லை.

செடியில் ஆண் பெண் பேதம் உண்டு. இது எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லாத விசயம். ஆண்பனை, பெண்பனை பார்த்து வளர்ந்தவர்கள். ஆனால் பனை தன் சாதியைச் சொல்லப் பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு மேல் எடுக்கும். வடலி வளர்த்தவன் பொறுத்துத்தான் இருக்க வேண்டும். கஞ்சா சில கிழமைகளிலேயே சொல்லிவிடும். கணுவில் ஒரு குட்டிப் பை தொங்கினால் ஆண். இரண்டு வெள்ளை மயிர் நீட்டினால் பெண். ஆண் செடியின் மகரந்தம் காற்றில் போய்ப் பெண்ணில் பட்டால் பூவெல்லாம் விதையாகிவிடும், வளர்ப்பவனுக்கு நட்டம். ஆகவே ஆணைப் பிடுங்கி எறிவார்கள். இது ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பில்லை. பிரித்தானிய அரசு 1893-94 இல் நடத்திய இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணைக்குழுவின் அறிக்கையில் வங்காளத்து நௌகாவ் பகுதித் தோட்டங்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அங்கே வயல் வயலாக நடந்து ஆண் செடிகளைக் கண்டுபிடித்து முறிப்பதற்கென்றே கைதேர்ந்த ஆட்கள் கூலிக்கு வருவார்களாம். ஆங்கிலேயர் அவர்களைக் கஞ்சா டாக்குத்தர் என்று குறித்தார்கள். இன்று அந்த டாக்குத்தருக்கு வேலையில்லை. பெண் செடி ஒன்றுக்கு வெள்ளி உப்புக் கலந்த திரவம் தெளித்தால் அது ஆண் பூப் பூக்கும். அந்த மகரந்தத்தில் பிறக்கும் விதை ஏறத்தாழ எல்லாமே பெண். கடையில் இப்போது விற்பது பெரும்பாலும் அந்த விதைதான்.

கடையையும் பார்க்கவேண்டும் என்று மருமகனோடு போனேன். ஒரே கட்டடத்தொகுதியில் தமிழ்ப் பலசரக்குக் கடை, நகைக்கடை, கொத்துரொட்டிக் கடை, அதற்கடுத்துக் கஞ்சாக் கடை. கண்ணாடியெல்லாம் மூடி மறைத்திருந்தது. பிள்ளைகளின் கண்ணில் பண்டம் படக்கூடாது என்பது சட்டம். வாசலில் நின்ற பெண்பிள்ளை என்னுடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டும் அடையாள அட்டை கேட்டாள். கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினேன். உள்ளே மருந்துக்கடை மாதிரித் துப்புரவு, மெல்லிய பாட்டு. ஒவ்வொரு பொதியிலும் நிறுத்தற் பலகை வடிவத்தில் ஒரு சிவப்பு அடையாளம், அதற்குள் கஞ்சா இலை. பக்கத்தில் எச்சரிக்கை வாசகம். விதைப் பொதி ஒன்றைக் காட்டினான். நாலு விதை. ரூபாவில் கணக்குப் பார்த்தால் ஒரு விதை இரண்டாயிரத்துக்கு மேல். மல்லி விதையை விடப் பெரிதில்லாத, சாம்பல் நிறத்தில் கோடு விழுந்த ஒரு சின்ன உருண்டை. ஐயா ஒரு சிரட்டை புகையிலை விதையை ஊராருக்குச் சும்மா அள்ளிக் கொடுப்பார்.

அந்த விதை முளைக்கும் அழகு வேறு. ஈரக் கடதாசிக்குள் பொத்தி, இரண்டு பீங்கானுக்கு நடுவில் வைக்கிறான். ஓரிரு நாளில் ஓடு பிளந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். நாங்கள் பயறைத் துணியில் முடிந்து வைப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அதற்குப் பிறகுதான் இவர்கள் வேறு சாதி. காற்றின் ஈரத்துக்கு ஒரு மானி, தண்ணீரின் புளிப்புக்கு ஒரு மானி, வெப்பத்துக்கு ஒரு மானி. குளிர்காலத்தில் வீட்டுச் சூடாக்கி ஓடும்போது காற்று வரண்டு உதடு வெடிக்கும், செடிக்கும் அப்படித்தான். பூக்கும் காலத்தில் ஈரம் கூடினாலோ பூவுக்குள் பூஞ்சணம் பிடித்து முழுவதும் அழுகும், வீட்டுச் சுவரிலும் ஏறும். அவன் தன் கைத்தொலைபேசியில் குறிப்பு வைத்திருந்தான். ஐயா வானத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தே சொல்லிவிடுவார். அவரிடம் வானம் இருந்தது, இவனிடம் துணிக்கூடாரம்.

மணத்தைச் சொல்லாமல் விட முடியாது. சிப்பைத் திறந்தால் மாங்காய்ப் பால், எலுமிச்சைத் தோல், இடித்த மிளகு எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அடிக்கும். கற்பனையில்லை. மாம்பழத்தில் உள்ள மிர்சீன், எலுமிச்சையில் உள்ள லிமொனீன், மிளகிலும் கராம்பிலும் உள்ள கரியோபிலீன் மூன்றும் இந்தப் பூவிலும் உண்டு. பூதக்கண்ணாடி பிடித்துப் பார்க்கத் தந்தான். பூவின் மேல் ஆயிரக்கணக்கில் கண்ணாடித் தண்டுகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துளி. போதையும் மருந்தும் மணமும் அந்தத் துளியில்தான். முதலில் தெளிவாக, பிறகு பால் நிறத்தில், கடைசியில் தேன் நிறத்தில் மாறும் என்றான். நான் நெடுநேரம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அக்காவுக்கு மணம்தான் பெரும் பிரச்சினை. கரி வடிகட்டி பூட்டியிருந்தும் திறக்கும் நேரத்தில் மேலே வந்துவிடும். வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி போடுவாள். மற்ற நாளிலும் போடுவாள். “கோயிலாலை வாற ஆக்கள் மூக்கை உறிஞ்சினா நான் என்னத்தைச் சொல்ல? நீ ஊரில போய் வாயைத் திறந்திடாதை தம்பி.” அவளுடைய பயம் ஊர்ப்பேச்சு மட்டுமில்லை. இளவயதில் அடிக்கடி புகைத்தால் மூளைக்கும் மனதுக்கும் கெடுதி வரலாம், சிலருக்கு மனப்பிறழ்வு வரை போகலாம் என்று கனடா வைத்தியர்களே சொல்கிறார்கள், பொதியிலும் எழுதியிருக்கிறது. புகைப்பதைப் பற்றி எனக்கு ஊரிலிருந்து கொண்டுபோன கருத்துத்தான், மாறவில்லை. மருமகனிடமும் சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினான்.

ஆனால் அக்காவும் அந்தக் கூடாரத்துக்குக் கடன்பட்டவள். அவளிடம் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கிறது. ஊரை விட்டு வந்த காலத்திலிருந்து சட்டி மாற்றி மாற்றி வளர்ப்பது. புரட்டாசி கடைசியில் வீட்டுக்குள் தூக்கிவருவார்கள். தை பிறக்கும்போது இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். வைகாசி வரை உயிர் இருக்கிறதா இல்லையா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பதே வேலை. ஸ்காபரோவில் எத்தனை தமிழ் வீடுகளில் யன்னலோரம் இப்படி ஒரு குச்சி நிற்கிறது! அந்தக் குளிர்காலம் மருமகன் கேளாமலே அதைத் தூக்கிக் கூடாரத்தின் மூலையில் வைத்துவிட்டான். நான் போனபோது அது தளதளவென்று தளிர் விட்டிருந்தது. கறிவேப்பிலை எண்ணெயிலும் அதே கரியோபிலீன் உண்டு. மணத்தில் இரண்டும் தூரத்துச் சொந்தம். அக்கா ஒரு நாள் சொதிக்கு இலை கிள்ளக் கீழே இறங்கிப் போனதைக் கண்டேன். மற்றச் செடிகளின் பக்கம் திரும்பாமல், பாம்புப் புற்றுக்குள் கைவிடுகிறவள் மாதிரிக் கையை மட்டும் நீட்டிப் பறித்துக்கொண்டு வந்தாள்.

கதிரையில் இருந்த இரவுகளில் எனக்கு அடிக்கடி நினைவில் வந்தவர் வைத்தியர் கிறீன். மானிப்பாய்க்காரருக்கு அவரைச் சொல்லவேண்டியதில்லை. அவர் பெயரில் ஆஸ்பத்திரி நிற்கிறது. சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் ஊரில் 1822 இல் பிறந்தவர். அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் நிலைகொண்டார். எங்கள் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். 1864 இலிருந்து தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் என்று தடித்த நூல்களைத் தமிழாக்கினார். வாரிங் தொகுத்த இந்திய மருந்துநூலும் அந்த வரிசையில் உண்டு. அந்த மூலநூல் 1868 இல் வந்தபோது கஞ்சா அதில் அங்கீகரித்த மருந்துகளில் ஒன்று. அதற்கு முன்பே, 1839 இல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் ஓஷோனசி என்ற ஐரிஷ் வைத்தியர் இந்திய வைத்தியரிடம் கேட்டறிந்து, நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்து, கஞ்சாவைப் பற்றி எழுதி, மேல்நாட்டு மருத்துவத்துக்குள் அதைக் கொண்டுபோய்விட்டார். அமெரிக்க மருந்துநூலில் அது 1942 வரை இருந்தது. சித்த, ஆயுர்வேத வைத்தியத்திலோ சுத்தி செய்து சேர்க்கும் சரக்குகளில் ஒன்றாக அது நெடுங்காலமாகவே இருந்துவருகிறது.

வூஸ்ரரின் கதை இன்னும் வேடிக்கை. கஞ்சாவுக்கு முதலில் கட்டுப்பாடு போட்ட அமெரிக்க மாநிலங்களில் மாசச்சூசெற்சும் ஒன்று, 1911 இல். அதே மாநில மக்கள் 2016 இல் வாக்குப் போட்டுத் திறந்துவிட்டார்கள். அங்கே ஆளுக்கு ஆறு செடி, வீட்டுக்குப் பன்னிரண்டு. 2018 நவம்பரில் அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் முதல் இரண்டு சட்டபூர்வக் கடைகள் திறந்தபோது, ஒன்று திறந்தது வூஸ்ரருக்கு அடுத்த ஊரான லெஸ்ரரில். கிறீன் 1884 இல் காலமாகி வூஸ்ரரில்தான் அடக்கமானார். கல்லறைக் கல்லில் தன்னைத் தமிழருக்கான மருத்துவ ஊழியன் என்று பொறிக்கச் சொல்லியிருந்தார். மிஷனரிகள் மதுவிலக்குப் பேசியவர்கள். பக்கத்து ஊர்க் கடை வாசலில் நின்ற வரிசையைக் கண்டால் என்ன எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் செடியின் மருந்துக் குணத்துக்குப் பொருத்தமான ஒரு தமிழ்ச் சொல் தேடியிருப்பார் என்றுதான் படுகிறது.

நான் திரும்பும் முன் அறுவடையும் நடந்தது. கிளைகளை வெட்டி, வெளிச்சமில்லாத அறைக்குள் தலைகீழாகக் கொடியில் கட்டினான். மெதுவாகக் காயவேண்டும், அவசரப்பட்டால் புல் மணம் நிற்கும் என்றான். புகைக் குடிலில் ஐயாவும் இதைத்தான் சொல்லுவார். காய்ந்ததைப் பார்த்தால், இரண்டாயிரம் ரூபா விதைக்கும், மின்சாரத்துக்கும், மானிகளுக்கும், மூன்று மாதத்துக்கு மேலான காவலுக்கும் கிடைத்தது சில கண்ணாடிப் போத்தல்கள். கடையில் வாங்கியிருந்தால் இவ்வளவு பாடில்லை. அதை அவனே ஒப்புக்கொண்டான். “இது ஒரு விசர் மாமா. காய்ச்சுப் பூக்கிறதைப் பாக்கிற விசர்.” தோட்டக்காரர் எல்லாருக்கும் உள்ள விசர்தான்.

இனி ஊருக்கு வருவோம். இலங்கையில் கஞ்சா வளர்ப்பது நஞ்சு, அபின், ஆபத்தான ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம்; ஒரு செடியென்றாலும் குற்றம். 2025 இல் வெளிநாட்டு முதலீட்டாளர் ஏழு பேருக்கு ஏற்றுமதிக்கு மட்டும் வளர்க்க அரசு இணங்கியது. வீட்டுச் சட்டிக்கு அதில் இடமில்லை. கனடாவிலிருந்து கஞ்சாவை வெளியே கொண்டுபோவது கனடாச் சட்டத்திலேயே குற்றம். ஒரு விதையும் அதற்குள் அடங்கும். உள்ளே கொண்டுவராதே, வெளியே கொண்டுபோகாதே என்று விமான நிலையத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் வருகிற எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: பெட்டி அடுக்கும்போது சட்டைப்பைகளையும் தோள்பையின் மூலைகளையும் ஒருதரம் உதறிப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கோ. அங்கே பொழுதுபோக்காக இருப்பது இங்கே இறங்கியதும் வழக்கு.